பெயர் கூட்டிவந்த படம்: ஸ்காட்லாந்துத் தேவாலயங்களின் நினைவு ஜன்னல்கள்

கேள்வி இதுதான்: "எடின்பரோவில் ஒரு பழைய தேவாலயத்துக்குள் போனேன். சிலை இல்லை, சிலுவையில் தொங்கும் இயேசு இல்லை, மெழுகுவத்திகூட இல்லை. ஆனால் ஜன்னல் முழுக்க வண்ணக் கண்ணாடிப் படங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் யாரோ ஒருவர் பெயர், இறந்த ஆண்டு. உருவ வழிபாடே ஆகாது என்ற சபையில் இது எப்படி வந்தது? அந்தப் பெயர்கள் யாருடையவை? அடுத்த முறை போனால் எதைப் பார்க்க வேண்டும்?"

நீங்கள் படத்தை முதலிலும் பெயரைப் பின்னாலும் சொல்லியிருக்கிறீர்கள். வரலாறு நடந்தது வேறு வரிசையில். அந்தச் சபையில் பெயர்தான் படத்தைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தது. பெயர் இல்லாமல் படம் மட்டும் வாசலில் வந்து நின்றிருந்தால் மூப்பர்கள் திருப்பி அனுப்பியிருப்பார்கள். கிளாஸ்கோவில் இருந்த ஆறு வருடங்களில் ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த ஜன்னல்களைத் தேடித்தேடிப் பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

முதலில் சபையைப் பற்றி இரண்டு வரி. ஸ்காட்லாந்து சபை பிரஸ்பிட்டேரியன் வழியைச் சேர்ந்தது. பிஷப் கிடையாது. போதகரும் மூப்பர்களும் சேர்ந்த குழு ஒவ்வொரு தேவாலயத்தையும் நடத்தும். அதற்குக் கர்க் செஷன் என்று பெயர். "கர்க்" என்றால் ஸ்காட்லாந்துப் பேச்சில் தேவாலயம். சென்னை எழும்பூரில் ஸ்காட்லாந்துக்காரர்களுக்காக 1821இல் திறந்த புனித அந்திரேயா ஆலயத்தைப் பழைய சென்னைவாசிகள் இன்றும் கர்க் என்று சொல்வது இதனால்தான். பாரிஷ் கர்க் என்றால் அந்தந்த வட்டாரத்துக்கான கோயில்.

இந்தச் சபை உருவானதே உடைப்பில்தான். 1559 மே 11 அன்று பெர்த் நகரத்தின் புனித யோவான் தேவாலயத்தில் சீர்திருத்தப் போதகர் ஜான் நாக்ஸ் விக்கிரக ஆராதனைக்கு எதிராகப் பிரசங்கம் செய்தார். பிரசங்கம் முடிந்ததும் கூட்டம் அங்கிருந்த உருவங்களை நொறுக்கிவிட்டு, ஊரிலிருந்த மடாலயங்களை நோக்கிக் கிளம்பியது. அடுத்த ஆண்டு ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் போப்பின் அதிகாரத்தை ஒழித்தது. இந்த மாற்றத்தைத்தான் சீர்திருத்தம் என்கிறார்கள். "யாதொரு சொரூபத்தையாகிலும் யாதொரு விக்கிரகத்தையாகிலும் நீ உனக்கு உண்டாக்க வேண்டாம்" என்ற கட்டளையை அவர்கள் எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டார்கள். புனிதர்கள் சுவரிலிருந்தும் மாடத்திலிருந்தும் போனார்கள், ஜன்னலிலிருந்தும் போனார்கள்.

எவ்வளவு மிச்சம் என்று கேட்டால், கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. சீர்திருத்தத்துக்கு முந்தைய வண்ணக் கண்ணாடி, முதலில் வைத்த இடத்திலேயே இன்றும் இருப்பதைப் பார்க்க வேண்டுமானால் எடின்பரோவின் கௌகேட் தெருவில் மகதலேனா சிற்றாலயத்துக்குப் போக வேண்டும். பெரிதாக எதிர்பார்த்துப் போகாதீர்கள். நான்கு வட்டங்கள், அவ்வளவுதான். ஸ்காட்லாந்தின் அரச சின்னம், அன்று ஆட்சியிலிருந்த கீஸ் குடும்பத்து மேரியின் சின்னம், பிறகு அந்த ஆலயத்தைக் கட்டவைத்த மைக்கேல் மக்வீன், அவர் மனைவி ஜேனட் ரைண்ட் இருவரின் குலச்சின்னங்கள். கணவர் வேலை முடியும் முன்பே இறந்துவிட்டார். மனைவிதான் இருந்து முடித்தார். புனிதர் முகம் ஒன்றுகூட இல்லாததால் சுத்தியலுக்கு அங்கே வேலை இருக்கவில்லை. கணவனை இழந்த ஒரு பெண் முடித்துவைத்த ஆலயத்தில், இரண்டு பெயர்களுக்கான அடையாளமாக நின்ற கண்ணாடி தப்பித்தது. மூன்று நூற்றாண்டு கழித்து நடக்கப்போவதற்கு இது ஒரு முன்னோட்டம்போல இருக்கிறது.

அந்த மூன்று நூற்றாண்டும் வெள்ளைச் சுவர், நிறமில்லாத கண்ணாடி, நடுவில் உயர்ந்த பிரசங்க மேடை. ஆர்கன் கிடையாது. பாடுவது சங்கீதங்கள் மட்டும், அதையும் உட்கார்ந்தபடியே.

கதவு திறந்தது 1857இல், எடின்பரோவின் கிரேஃபிரையர்ஸ் கர்க்கில். இன்றைய சுற்றுலாப் பயணிகள் அங்கே போவது எஜமானின் கல்லறையைக் காத்துக் கிடந்ததாகச் சொல்லப்படும் பாபி என்ற நாய்க்காக. நாய்க்குத் தலையைத் தடவிவிட்டு அப்படியே உள்ளேயும் போய்ப் பாருங்கள். 1845இல் அந்தக் கட்டடம் தீப்பிடித்து எரிந்தது. போதகர் ராபர்ட் லீ அதைத் திரும்பக் கட்டும் சாக்கில் பல காரியங்களைச் செய்துகொண்டார். ஜேம்ஸ் பாலன்டைன் என்ற எடின்பரோக்காரரின் பட்டறையில் வண்ணக் கண்ணாடிகள் செய்து வைத்தார். பாலன்டைன் கவிதையும் எழுதுவார். லண்டனில் பிரபுக்கள் சபையின் ஜன்னல்களைச் செய்த அனுபவமும் அவருக்கு உண்டு. சீர்திருத்தத்துக்குப் பிறகு ஸ்காட்லாந்தின் பிரஸ்பிட்டேரியன் கோயில் ஒன்றில் வண்ணக் கண்ணாடி ஏறியது இதுவே முதல்முறை என்று சொல்வார்கள். அங்கே நினைவு ஜன்னல் பெற்றவர்களில் ஒருவர் ஜார்ஜ் புக்கானன்: மேரி அரசியின் மகன் ஆறாம் ஜேம்ஸுக்கு ஆசிரியர், லத்தீன் கவிஞர், சீர்திருத்தத்தின் ஆள், அந்தக் கோயில் வளாகத்திலேயே அடக்கமானவர். இப்படிப்பட்டவருடைய நினைவுக்கு வைத்த ஜன்னலை எந்த மூப்பர் எதிர்ப்பார்?

லீக்குத் தொல்லை வராமல் இல்லை. எழுதிவைத்த ஜெபத்தைப் படித்தார், சபையாரை எழுந்து நின்று பாடவும் முழங்காலில் ஜெபிக்கவும் வைத்தார், பிறகு ஆர்கனையும் கொண்டுவந்தார். சபையின் மேல்மட்டக் குழுக்களில் வழக்கு வழக்காக இழுத்தடித்தார்கள். 1868இல் அவர் இறந்துபோனார், வழக்கு அதோடு நின்றது. ஜன்னல்கள் அங்கேயே இருந்தன.

இதில் நினைவு என்பது எப்படிச் சாவியாக வேலை செய்தது என்பதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். கோயில் சுவரில் இறந்தவர் பெயரைப் பளிங்கிலோ பித்தளைத் தகட்டிலோ பொறித்து வைப்பது ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த பழக்கம். அதையே கண்ணாடியில் செய்தால் அது தகட்டின் நீட்சி. யாரும் அதன் முன் மண்டியிடப் போவதில்லை. இறந்த போதகருக்கோ மகளை இழந்த தாய்க்கோ "கூடாது" என்று சொல்ல எந்தக் குழுவுக்கும் வாய் வராது. அடியில் எழுதும் வாசகத்தைக் கவனியுங்கள். பெரும்பாலும் ஒரே அச்சு: "தேவனுடைய மகிமைக்கும், இன்னாருடைய அன்பான நினைவுக்கும்." முதல் பாதி இறையியல் காவலாளிக்கு. இரண்டாம் பாதிக்காகத்தான் பணம் கட்டியிருக்கிறார்கள்.

அந்தப் பணம் யாருடையது என்பதும் சொல்ல வேண்டியதே. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கிளாஸ்கோ கப்பலும் இரும்பும் பஞ்சும் செய்து கொழுத்த ஊர். 1843இல் சபை இரண்டாக உடைந்திருந்ததால் ஒரே தெருவில் போட்டிக் கோயில்கள். எதிர்க் கோயிலில் ஜன்னல் ஏறினால் நம் கோயிலிலும் ஏற வேண்டும். ஆகவே நீங்கள் பார்த்த பெயர்களில் பெரும்பகுதி வணிகர்கள், ஆலை முதலாளிகள், கப்பல் உரிமையாளர்கள், அவர்கள் மனைவிமார், குழந்தைகள், பிறகு போதகர்கள். அந்த ஆலைகளில் வேலை செய்தவர் பெயரைத் தேடினால் முதல் உலகப் போருக்கு முன் கிடைப்பது அரிது.

எல்லாமே நல்ல கலை என்றும் நினைத்துவிட வேண்டாம். நேர்மையாகச் சொன்னால் பாதி சுமார் ரகம்: ஒரே அச்சு முகம், ஒரே நீலம், ஒரே தாடி. கிளாஸ்கோ கதீட்ரலுக்கே இதில் ஒரு சூடு உண்டு. உள்ளூர்ப் பட்டறைகளை நம்பாமல், ஜெர்மனியின் மியூனிக்கிலிருந்த அரச கண்ணாடிப் பட்டறையில் சொல்லிச் செய்து, 1859 முதல் 1864 வரை ஜன்னல் ஜன்னலாக மாட்டினார்கள். உள்ளூர்க் கலைஞர்கள் கொதித்தார்கள். கண்ணாடியில் தீட்டிய நிறம் நாளடைவில் மங்கி, கடைசியில் அவற்றில் பெரும்பாலானவற்றை 20ஆம் நூற்றாண்டில் கழற்றிவிட்டார்கள்.

ஏன் மங்கியது என்று தெரிந்தால் ஜன்னலைப் பார்க்கும் கண்ணே மாறிவிடும். அதனால் செய்முறைக்குள் கொஞ்சம் போகலாம். நிறம் கண்ணாடிக்கு மேல் பூசியது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நல்ல ஜன்னலில் நிறம் கண்ணாடிக்குள்ளேயே இருக்கும்: உருக்கும்போதே உலோகம் கலந்து, கோபால்ட்டால் நீலம், தாமிரத்தாலோ பொன்னாலோ சிவப்பு என்று எடுப்பார்கள். அடர்சிவப்பு முழுப் பருமனுக்கும் இருந்தால் வெளிச்சம் உள்ளே வராது; அதனால் தெளிந்த கண்ணாடி மேல் மெல்லிய சிவப்புத் தோல் ஒன்றைப் பொருத்தியே ஊதுவார்கள். அந்தத் தோலை அமிலத்தால் அரித்தால் சிவப்புக்குள் வெள்ளைப் பூ கிடைக்கும். மஞ்சள் மட்டும் வேறு கதை. வெள்ளி உப்பைப் பின்பக்கம் தடவிச் சுட்டால் அது கண்ணாடிக்குள் இறங்கித் தங்க நிறம் கொடுக்கும். சின்னக் குழந்தையின் சுருள்முடியும் தேவதூதரின் ஒளிவட்டமும் இப்படி வந்தவையே.

தூரிகையால் தீட்டுவது ஒன்றே ஒன்று: கண், மூக்கு, துணி மடிப்பு, எழுத்து இவற்றுக்கான பழுப்புக் கறுப்புக் கோடு. இரும்பு ஆக்ஸைடையும் கண்ணாடித் தூளையும் குழைத்துத் தீட்டி, 600 டிகிரிக்கு மேல் உலையில் சுட்டால் அது கண்ணாடியோடு ஒன்றாகிவிடும். சூடு போதாவிட்டாலோ, சீக்கிரம் உருகட்டும் என்று வெண்காரம் சேர்த்தாலோ, ஈரம் பட்டுப் பட்டு அந்தக் கோடு உதிரும். 19ஆம் நூற்றாண்டில் பல பட்டறைகள் இந்தத் தவறைச் செய்தன. உடை பளபளவென்று இருக்க முகம் மட்டும் வெறும் வெளிர்க் கண்ணாடியாய் நிற்கும் ஜன்னல்களைப் பார்த்தால், புனிதர் முகத்தை யாரும் உடைக்கவில்லை, சுட்டவர் அவசரப்பட்டார் என்று தெரிந்துகொள்ளலாம்.

வெட்டிய துண்டுகளை ஈயச் சட்டத்தில் கோர்த்து, மூட்டுகளில் பற்றவைத்து, ஆளிவிதை எண்ணெயும் சுண்ணாம்புத் தூளும் கலந்த களிம்பை இடுக்கில் தேய்த்து அடைப்பார்கள். ஈயத்துக்கு ஆயுள் சுமார் நூறு, நூற்றைம்பது ஆண்டு. விக்டோரியா காலத்து ஜன்னல்கள் பல இன்று வயிறு தள்ளி நிற்பது இதனால்தான். பக்கவாட்டில் நின்று பாருங்கள், கண்ணாடி பானை வயிறுபோல் உப்பியிருக்கும்.

இனிப் படிக்கும் முறை. பொருளும் பெயரும் பொருந்தும் இடத்தைத் தேட வேண்டும். ஏழைகளுக்கு உடை தைத்துக் கொடுத்த தொற்காள் நிற்கிறாளா? நினைவு ஒரு பெண்ணுடையது, தர்ம காரியங்களில் ஈடுபட்டவள். வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்குக் காயம் கட்டிய நல்ல சமாரியன் என்றால் மருத்துவராக இருக்க வாய்ப்பு அதிகம். விதைக்கிறவன் போதகருக்கு. புயலில் படகு கடலோர ஊர்களில், மாலுமிக்கோ மீனவருக்கோ. விவிலியத்துச் சகோதரிகளான மார்த்தாளும் மரியாளும் பக்கம்பக்கமாக நின்றால், நினைவுக்கு உரியவர்களும் சகோதரிகளாக இருக்கலாம். இயேசுவைச் சுற்றிக் குழந்தைகள், கீழே "சிறுபிள்ளைகள் என்னிடத்தில் வருகிறதற்கு இடங்கொடுங்கள்" என்றால், பெயருக்குப் பக்கத்திலுள்ள வயதைப் படிக்கும் முன்பே விஷயம் தெரிந்துவிடும். ஒற்றை இலக்கமாக இருக்கும். மேலே உச்சியில் எரிகிற முட்செடி ஒன்று பல இடங்களில் தெரியும்; அது யாருடைய நினைவும் அல்ல, ஸ்காட்லாந்து சபையின் சொந்தச் சின்னம். எரிந்தும் வெந்துபோகாத செடி.

செய்தவர் பெயரை வலது கீழ் மூலையில் தேடுங்கள். டேனியல் காட்டியர், ஸ்டீஃபன் ஆடம் இருவரும் கிளாஸ்கோப் பாணியின் ஆரம்பம். டக்ளஸ் ஸ்ட்ராகன் என்ற பெயர் கிடைத்தால் அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள். ஆபர்டீன்காரர், 1875இல் பிறந்து 1950இல் இறந்தவர். ஒரே அளவான கண்ணாடியை விட்டுவிட்டு, நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்த முரட்டுக் கட்டிக் கண்ணாடியை அந்தத் தலைமுறைக் கலைஞர்கள் விரும்பிப் பயன்படுத்தினார்கள். ஒரே துண்டுக்குள்ளேயே நிறம் ஆழமும் மேடுமாக மாறும். மேகம் நகர்ந்தால் படமும் நகர்வதுபோல் இருக்கும்.

முதல் உலகப் போர்தான் இந்தக் கலையை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது. அதுவரை ஜன்னல் வசதியுள்ளவர் துக்கம். போருக்குப் பிறகு ஊரே சேர்ந்து பணம் போட்டு, போய்த் திரும்பாத பையன்களின் பெயரை வரிசையாக எழுதியது. அவர்கள் உடல்கள் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் கல்லிப்போலியிலும் கிடந்தன. ஊருக்குக் கொண்டுவர அனுமதி இல்லை. கல்லறை இல்லாத வீடுகளுக்கு ஜன்னல்தான் கல்லறை. நாக்ஸ் பிரசங்கம் செய்து உருவங்களை நொறுக்கவைத்த அதே பெர்த் புனித யோவான் தேவாலயத்தை 1920களில் ராபர்ட் லாரிமர் என்ற கட்டடக் கலைஞர் அந்த மாவட்டத்தின் போர் நினைவிடமாகச் சீரமைத்தார். அங்கே கிழக்குச் சுவரில் இன்று ஸ்ட்ராகனின் வண்ணக் கண்ணாடி ஒளிர்கிறது. நாக்ஸ் நின்ற இடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கீழே இருந்த பெயர்ப் பட்டியலைப் பார்த்ததும் அது அடங்கிவிட்டது.

கண்ணாடி செய்தவர்களும் போருக்குப் போனார்கள். ஸ்டீஃபன் ஆடமிடம் தொழில் கற்று, அவருக்குப் பின் பட்டறையை எடுத்து நடத்திய ஆல்ஃப் வெப்ஸ்டர், கிளாஸ்கோவின் கிரேட் வெஸ்டர்ன் சாலையில் லான்ஸ்டவுன் தேவாலயத்துக்குப் போருக்குச் சற்று முன் இரண்டு பெரிய ஜன்னல்களைச் செய்தார். 1915இல் போர்க்களத்தில் காயம்பட்டு இறந்தார். அப்போது சின்னப் பிள்ளையாக இருந்த மகன் கார்டன் வெப்ஸ்டர் வளர்ந்து அதே தொழிலுக்கு வந்தார்.

இப்போது நான் சொல்ல நினைத்த முக்கியமான ஜன்னல். உண்மையில் இரண்டு ஜன்னல்கள். கிளாஸ்கோவின் தெற்கே, குவீன்ஸ் பார்க் வட்டாரத் தேவாலயத்துக்காக 1948இல் வைத்தவை. ஒன்றின் பொருள் சேவை, இன்னொன்றின் பொருள் தியாகம். அந்தச் சபையில் ஒரு காலத்தில் ஞாயிறுதோறும் வந்து உட்கார்ந்திருந்த ஜேன் ஹெய்னிங் என்ற பெண்ணின் நினைவுக்கு.

ஜேன் 1897இல் டம்ஃப்ரீஸ் பக்கம் டன்ஸ்கோர் என்ற சிற்றூரில் விவசாயி வீட்டில் பிறந்தவர். பெய்ஸ்லியில் ஒரு நூல் கம்பெனியில் பத்து வருடம் செயலர் வேலை. 1932இல் ஸ்காட்லாந்து சபை ஹங்கேரியின் புடாபெஸ்ட்டில் நடத்திய பள்ளிக்குப் போனார், மாணவிகள் விடுதியின் காப்பாளராக. யூதச் சிறுமிகளும் கிறிஸ்தவச் சிறுமிகளும் ஒன்றாகப் படித்த பள்ளி. இதை மறைக்கக் கூடாது: அந்த மிஷன் 1841இல் தொடங்கியதே யூதர்களை மதம் மாற்றும் நோக்கத்தில்தான். யூதப் பெற்றோர் அதைத் தெரிந்தே, நல்ல படிப்புக்காகப் பிள்ளைகளை அனுப்பினார்கள். நாளாக ஆக வெளியே இருந்த உலகம், உள்ளே இருந்த பிரசங்கத்தைவிட மோசமாகிக்கொண்டே போனது.

1940இல் ஊருக்குத் திரும்பிவிடும்படி எடின்பரோவிலிருந்து உத்தரவு வந்தது. அவர் போகவில்லை. வெயில் நாட்களில் இந்தப் பிள்ளைகளுக்கு நான் தேவைப்பட்டேன் என்றால் இருண்ட நாட்களில் இன்னும் எவ்வளவு தேவைப்படுவேன் என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள். ஞாபகத்தில் நிற்கிற வாக்கியம். ஆனால் எனக்கு அதைவிட நிற்பது இன்னொன்று. போர்க்காலத்தில் தோல் கிடைக்காமல் பிள்ளைகளின் செருப்புகள் பிய்ந்தபோது, ஊருக்குப் போக வைத்திருந்த தன் தோல் பெட்டியை வெட்டி அடி தைத்துக் கொடுத்தாராம். ஊருக்குப் போவதாக இல்லை என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது.

1944 மார்ச் 19 அன்று ஜெர்மானியப் படை ஹங்கேரிக்குள் நுழைந்தது. ஏப்ரல் கடைசியில் நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டப்போவைச் சேர்ந்த இருவர் வந்து, சாமான் எடுத்துக்கொள்ளக் கால் மணி நேரம் கொடுத்தார்கள். அவர் மேல் சாட்டிய குற்றங்களின் பட்டியலைப் படித்தால் இது குற்றப்பத்திரிகையா, நற்சான்றிதழா என்று சந்தேகம் வரும். யூதர்களிடையே வேலை செய்தது, பிபிசி கேட்டது, பிரிட்டிஷ் போர்க் கைதிகளைப் பார்க்கப் போனது. அதோடு, யூதர் என்று காட்ட அணியச் சொன்ன மஞ்சள் நட்சத்திரத்தைச் சிறுமிகளின் உடையில் தைக்கும்போது அழுதது. அரசியலில் ஈடுபட்டார் என்பதைத் தவிர மற்றதையெல்லாம் ஒத்துக்கொண்டார். மே மாதம் ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்குக் கொண்டுபோனார்கள். கையில் குத்திய எண் 79467. அங்கிருந்து எழுதிய கடைசி அஞ்சலட்டையின் தேதி ஜூலை 15. சாப்பிட ஏதாவது அனுப்பும்படி கேட்டிருந்தார். அதிகாரிகள் அனுப்பிய இறப்புச் சான்றிதழ், ஜூலை 17 அன்று நோயால் இறந்ததாகச் சொன்னது. வயது 47.

அடுத்த நான்கே வருடத்தில் கிளாஸ்கோ சபையார் ஜன்னல் வைத்துவிட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். இஸ்ரேலில் யூதப் படுகொலையின் நினைவு நிறுவனமான யாத் வஷெம், யூதர்களுக்காகத் துணிந்து நின்ற பிறரைக் கௌரவிக்கும் நீதிமான்கள் வரிசையில் அவரைச் சேர்த்தது 1997இல். புடாபெஸ்ட் டான்யூப் கரைச் சாலைக்கு அவர் பெயர் சூட்டியது 2010இல். உலகம் அரை நூற்றாண்டு கழித்துச் செய்ததை, அவரை ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்திருந்தவர்கள் உடனே செய்தார்கள். எப்படிச் செய்வது என்பதில்தான் அவர்களுக்குச் சிக்கல் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். கத்தோலிக்கர்களாக இருந்தால் புனிதர் பட்டத்துக்கு மனுப் போடலாம், தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் போடலாம். இந்தச் சபையில் புனிதர் பட்டமே கிடையாது. சாம்பலும் கிடைக்கவில்லை, புதைக்க இடமும் இல்லை. கையில் இருந்தது ஒரு பழக்கம்: கண்ணாடியில் ஒரு பொருள், அடியில் ஒரு பெயர். சேவை, தியாகம் என்று இரண்டு சாதாரணச் சொற்களை எடுத்துக்கொண்டு அந்தப் பழக்கத்துக்குள்ளேயே அவரை வைத்துவிட்டார்கள். 2016இல் எடின்பரோவில் சபைத் தலைமையகத்தின் பரணிலிருந்து ஜேன் கைப்பட எழுதிய உயில் கிடைத்தது, 1942ஆம் வருடத்தியது. தன் ரேடியோ யாருக்கு, டைப்ரைட்டர் யாருக்கு என்று எழுதி வைத்திருந்தார். பிபிசி கேட்ட ரேடியோ அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இதற்கு நேர் எதிரான ஜன்னல் ஒன்றும் உண்டு, கொஞ்சம் சிரிக்கலாம். எடின்பரோவின் செயின்ட் ஜைல்ஸ், நாக்ஸ் போதகராக இருந்த கோயில். அதன் மேற்குச் சுவரின் பெரிய ஜன்னல் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் நினைவு ஜன்னல். பர்ன்ஸுக்கும் கர்க்குக்கும் இருந்த உறவு ஊரறிந்தது. கல்யாணத்துக்கு முன் ஜீன் ஆர்மரைக் கர்ப்பமாக்கியதற்காக 1786இல் மாக்லின் தேவாலயத்தில் சபையார் நடுவே நிறுத்தி வைத்துக் கண்டித்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டே அவர் ஒரு மூப்பரின் போலிப் பக்தியைத் தோலுரித்துக் கவிதை எழுதியிருந்தார். அந்த மூப்பர் பெயர் இன்றும் நாறுகிறது. இப்படிப்பட்டவருக்கா நாக்ஸின் கோயிலில் ஜன்னல் என்று எதிர்ப்பு வராமல் இருக்குமா? வந்தது. மீறி 1985இல் வைத்தார்கள். செய்தவர் ஐஸ்லாந்துக் கலைஞர் லேஃபர் ப்ரேத்ஃப்யோர்த். கீழே பச்சைப் பச்சையாய் இயற்கை, நடுவே மனித குல ஒற்றுமை, உச்சியில் ரோஜா சிவப்பில் வெடிக்கும் சூரியனாகக் காதல். பழைய விவிலியப் படம் எதுவும் இல்லை. மாலை வெயிலில் பார்த்தால் சிவப்பு தரையெல்லாம் சிந்தும். அதே இடத்தில் முன்பு காட்டியரின் தீர்க்கதரிசிகள் இருந்தார்கள். அந்தக் கண்ணாடி தாங்காமல் போனதால்தான் இடம் காலியானது.

பெயர் இருந்தால் படம் உள்ளே வரலாம் என்ற விதி இப்படி எங்கெங்கோ கொண்டுபோய் விட்டது. ஆபர்டீனின் செயின்ட் நிக்கலஸ் கர்க்கில் வட கடல் எண்ணெய்த் தொழிலுக்கென்றே ஒரு சிற்றாலயம் 1990இல் உருவானது. இரண்டு ஆண்டு முன்னால், 1988 ஜூலை 6 அன்று, பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை வெடித்து 167 பேர் இறந்திருந்தார்கள். அங்கே ஷோனா மெக்கின்னஸ் செய்த கண்ணாடி இருக்கிறது. அந்தச் சபை 2020 கடைசியில் கலைந்துவிட்டது.

கலைவது இப்போது அன்றாடச் செய்தி. 1950களின் நடுவில் ஸ்காட்லாந்து சபைக்கு 13 லட்சம் உறுப்பினர்கள். இன்று மூன்று லட்சத்துக்கும் கீழே. கோயில்கள் வீடாகவும் மதுக்கூடமாகவும் பாறையேறும் பயிற்சிக்கூடமாகவும் மாறுகின்றன. ஜன்னலைக் கழற்றி இன்னொரு கோயிலில் மாட்டலாம் என்றால் அளவு ஒத்துவராது, செலவும் கட்டாது. மேலே சொன்ன லான்ஸ்டவுன் தேவாலயம் நாடக அரங்கானது. அரங்கின் பெயர் வெப்ஸ்டர்ஸ், ஆல்ஃப் வெப்ஸ்டரின் பெயர்தான். ஊரார் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தவர் பெயர் கடைசியில் வாசல் பலகையில் ஏறிவிட்டது.

அடுத்த முறை போகும்போது: கிழக்கு ஜன்னலைக் காலையில் பாருங்கள், மேற்கை மாலையில். வடக்கு ஜன்னல்களுக்கு நேரடி வெயில் இல்லை, ஆனால் மேகமூட்டமான நாளில் அவைதான் நிலையாகத் தெரியும். ஸ்காட்லாந்தில் அந்த நாளுக்குப் பஞ்சமில்லை. ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள், படத்தில் கண்ணாடி இருண்டுவிடும். சிறு பைனாகுலர் ஒன்று எடுத்துப் போனால் மேல் மூலையில் கலைஞர் செய்த குறும்புகள் தெரியும். பெயருக்கு உரியவர் யாரென்று உண்மையிலேயே தெரிய வேண்டுமானால் கர்க் செஷனின் பழைய நிகழ்ச்சிக் குறிப்புகளில் பணம் கொடுத்தவர் விவரம் இருக்கும். பழைய ஏடுகள் பெரும்பாலும் எடின்பரோவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் பொறுப்பில் இருக்கின்றன. அதற்கும் முன்னால், ஆராதனை முடிந்து பின் அறையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கும் மூதாட்டிகளிடம் கேளுங்கள். எனக்கு ஒருமுறை, "அந்த மூன்றாவது ஜன்னலா? அது என் பாட்டியின் அக்கா" என்று பதில் வந்தது. பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, முகம் சரியாக வரவில்லை என்று குறைபட்டுக்கொண்டார்.